டீசல் பிக்கப் வண்டிகள் ரேஸ் ஓடிய காலம்: ஆஸ்திரேலியாவின் சூப்பர்யூட்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

2018 மார்ச் மாதம், அடிலெய்ட். நகரத்துத் தெருக்களையே ரேஸ் டிராக்காக அடைத்து நடத்தும் 'அடிலெய்ட் 500' வார இறுதி. வி8 என்ற எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினின் உறுமலைக் கேட்பதற்கென்றே டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் அது. அந்த டிராக்கில் அன்று ஹைலக்ஸ், ரேஞ்சர் வகையறா நான்கு கதவு பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வேலைத்தளத்துக்கு பைப்பும் சிமெண்டும் ஏற்றிப்போகும் அதே வண்டிகள்தான். தரையோடு தாழ்த்தி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, பக்கவாட்டில் எண் எழுதியிருந்தார்கள். எல்லாமே டீசல். 'சூப்பர்யூட்ஸ்' என்ற புதிய ரேஸ் தொடர் அப்படித்தான் தொடங்கியது.

இரண்டு சீசன் ஓடியபின் அந்த டீசல் இன்ஜின்களைக் கழற்றிவிட்டு பெட்ரோல் வி8 மாட்டினார்கள். ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் கழற்றினார்கள் என்று புரிந்துகொண்டால் டீசல் இன்ஜினின் குணம், பிக்கப் வண்டியின் உடல்வாகு, ரேஸ் தொடர் நடத்துவதன் கணக்கு மூன்றும் சேர்ந்தே புரிந்துவிடும். மோட்டார் ரேஸ் பார்த்துப் பழக்கமே இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் துணைத் தொடர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மார்கழி சீசனில் ஒரு சபாவுக்குப் போனால் மாலை ஆறரை மணிக்குப் பெரிய வித்வானின் கச்சேரி. அதற்கு முன் மதியத்தில் இளம் பாடகர்களின் கச்சேரிகள் நடக்கும். மேடை ஒன்று, மைக் ஒன்று, நேரம் மட்டும் வேறு. ரேஸிலும் இதே ஏற்பாடுதான். ஆஸ்திரேலியாவின் பெரிய தேசியத் தொடர் 'சூப்பர்கார்ஸ்'. பார்வைக்கு சாதாரண ஷோரூம் கார்போல இருந்து, உள்ளே முழு ரேஸ் காராக இருக்கும் வண்டிகளின் போட்டி. அந்த கார்கள் ஓடாத இடைவெளியில் டிராக்கைக் காலியாகப் போட்டு வைக்க மாட்டார்கள். வேறு வகை வண்டிகளுக்குக் குட்டிப் போட்டிகள் நடக்கும். அவைதான் துணைத் தொடர்கள். ஒரு போட்டி சுமார் 20 நிமிடம். வண்டிக்குச் செலவு குறைவு, ஓட்டுநர்களில் பலர் சொந்தத் தொழில் செய்பவர்கள், ரசிகர்களுக்கு நிறைய முந்தலும் மோதலும் கிடைக்கும். இந்த '20 நிமிடம்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டீசலின் விதியை எழுதியதில் அதற்கும் பங்கு உண்டு.

அடுத்தது 'யூட்'. இது ஆஸ்திரேலியர்களின் சொந்தச் சொல். முன்பாதி கார், பின்பாதி சாமான் ஏற்றும் பெட்டி. 1930களின் தொடக்கத்தில் விக்டோரியா மாநிலத்து விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கௌரவமாகப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று கேட்டார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஜீலாங் ஊரிலிருந்த ஃபோர்டு ஆலையில் லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதை வரைந்தார். 1934-இல் விற்பனைக்கு வந்தது. அதன்பின் எண்பது ஆண்டுகள் யூட் என்றால் ஆஸ்திரேலியக் கிராமத்தின் அடையாளம்.

அந்தப் பழைய யூட்டுக்கும் ஒரு துணைத் தொடர் இருந்தது. 2001 முதல் 2017 வரை ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கமோடோர் யூட்கள் வி8 பெட்ரோல் இன்ஜினோடு ஓடின. ஷோரூம் வண்டிக்கு ரொம்பத் தள்ளிப் போகாத வண்டிகள். பின்பெட்டியில் சுமையே இல்லாததால் வால் பக்கம் லேசாகி, வளைவுக்கு வளைவு வழுக்கிக்கொண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டும் போகும். மக்களுக்கு அது கொண்டாட்டம்.

பிறகு அந்த வண்டிகள் பிறந்த ஆலைகளே மூடப்பட்டன. ஃபோர்டு 2016 அக்டோபர் 7-இல் ஆஸ்திரேலியாவில் கார் தயாரிப்பை நிறுத்தியது. டொயோட்டா 2017 அக்டோபர் 3-இல் நிறுத்தியது. ஹோல்டன் அதே மாதம் 20-ஆம் தேதி எலிசபெத் ஆலையின் கதவைச் சாத்தியது. தயாரிப்பே இல்லாத வண்டியை வைத்து எத்தனை நாள் ரேஸ் நடத்துவது? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? விளம்பரப் பணம் யார் தருவார்கள்?

அதே சமயம் சாலையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ். எல்லா வகை வாகனங்களையும் சேர்த்த கணக்கில் அதற்கே முதலிடம். 2022 வரை வருடாவருடம் அதே இடம். 2023-இல் ரேஞ்சர் முந்தியது. பழைய யூட் போன இடத்தில் டபுள் கேபின் எனப்படும் நான்கு கதவு டீசல் பிக்கப் உட்கார்ந்துவிட்டது. அதற்கும் 'யூட்' என்றே பெயர். சூப்பர்யூட்ஸ் அழைத்த ஆறு வண்டிகளைப் பாருங்கள்: டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், ஹோல்டன் கொலராடோ, மிட்சுபிஷி ட்ரைட்டன், மாஸ்டா பிடி-50, இசுசு டி-மேக்ஸ். ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பெயர்கள் எங்கெங்கோ இழுத்தாலும், அந்தக் காலத்தில் ஆறும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது தாய்லாந்திலிருந்துதான். 2005-இல் இரு நாடுகளுக்கும் இடையே தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்ததும் அந்தக் கப்பல் வழி அகலமாகிவிட்டது.

ஆகவே நடத்துநர்களின் எண்ணம் நியாயமானது: மக்கள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டியை ரேஸில் விடுவோம், விற்கிற நிறுவனங்கள் பணத்தோடு வரும். இந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன். ரேஸ் என்பது எட்டாத உயரத்தில் இருக்கும் வண்டிகளுக்கானது மட்டும் அல்ல என்று சொல்லும் துணிச்சல் அதில் இருந்தது. இதில் டி-மேக்ஸ் நமக்கும் அந்நியமில்லை. அதன் வி-கிராஸ் மாடலை சென்னைக்கு வடக்கே, மாநில எல்லை தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாரிக்கிறார்கள். இலங்கை வாசகர்களுக்கு டபுள் கேப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

இனி வண்டியின் உடம்புக்கு வருவோம்.

காலி பிக்கப்பில் கரடுமுரடான சாலையில் போயிருந்தால் தெரியும், பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வண்டியின் பின்புறம் துள்ளும். பின்சீட்டில் இருப்பவருக்கு இடுப்பு கழன்றுவிடும். அதே வண்டியில் பத்து மூட்டை சிமெண்ட் ஏற்றிப் பாருங்கள், படகு மாதிரி அமைதியாகப் போகும். காரணம் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள். ஒரு டன் சுமை ஏறினாலும் படுத்துவிடக் கூடாது என்று விறைப்பாக அடுக்கியிருப்பார்கள். சுமை இல்லாவிட்டால் அந்த விறைப்பு டயரைத் தரையிலிருந்து தட்டித் தட்டி விடும். சாலையில் அது அசௌகரியம் மட்டும்தான். ரேஸில் அது தோல்வி. டயர் தரையைத் தொடாத ஒவ்வொரு கணமும் இன்ஜினின் உழைப்பு வீண்.

இன்னொரு சிக்கல் கட்டுமானம். கார் என்பது முட்டை ஓடு மாதிரி, உடலே எலும்பு. பிக்கப் அப்படி அல்ல. கீழே ஏணியைப் படுக்கப் போட்டதுபோல் ஒரு இரும்புச் சேஸிஸ். அதன் மேல் கேபினையும் பெட்டியையும் தனித்தனியாக உட்கார வைத்து போல்ட் போட்டிருப்பார்கள். சுமைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் எடை மட்டுமே ஏறக்குறைய இரண்டு டன், உட்காரும் இடமோ உயரம். வளைவில் வேகமாகத் திரும்பினால் எடையெல்லாம் வெளிப்பக்கம் சாயும், உள்பக்கச் சக்கரங்கள் பிடி இழக்கும். கனமான டீசல் இன்ஜின் முன்னால், காலிப் பெட்டி பின்னால் என்பதால் மூக்கு கனம், வால் லேசு. தாழ்த்துவது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றுவது, உள்ளே கூண்டு வெல்டு செய்வது, பெரிய பிரேக் மாட்டுவது என எல்லாம் செய்தாலும் உயரமான பெட்டி வடிவத்தை மறைக்க முடியாது. காற்று அந்தப் பெட்டியில் மோதிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது முக்கியமான இடம். டீசல் இன்ஜின்.

'டீசல் வண்டிக்கு இழுவை அதிகம்' என்று நம் ஊர் மெக்கானிக் யாரும் சொல்வார். சரிதான். அப்படியென்றால் ரேஸில் டீசல்தானே முந்த வேண்டும்? இங்கேதான் பலரும் குழம்புவார்கள். இழுவை வேறு, பவர் வேறு.

இழுவை என்பது ஒரு சுற்றுக்கு இன்ஜின் கொடுக்கும் முறுக்கு. நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். பவர் என்பது அந்த முறுக்கை நிமிடத்துக்கு எத்தனை முறை கொடுக்கிறது என்பதையும் சேர்த்த கணக்கு. இழுவையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி சுமார் 9,550 ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர் வந்துவிடும். ஒரு நோட்டில் போட்டுப் பாருங்கள். அன்றைய ரேஞ்சரின் 3.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டீசல், ஷோரூமில் கிடைத்தபடி, 470 நியூட்டன் மீட்டர் இழுக்கும். 2,000 சுற்றில் அது 98 கிலோவாட். 3,000 சுற்றில் ஏறக்குறைய 147. அதோடு உச்சம் முடிந்தது. அதற்கு மேல் சுற்றினால் மூச்சு வாங்கும். பின்னால் சூப்பர்யூட்ஸுக்கு வந்து சேர்ந்த எல்எஸ்3 என்ற 6.2 லிட்டர் செவ்ரோலே வி8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழுவை சுமார் 575. வித்தியாசம் நூறு சொச்சம்தான். ஆனால் அது 5,900 சுற்று வரை சளைக்காமல் போகும். அங்கே அதன் பவர் 320 கிலோவாட்டைத் தொடும். இழுவையில் கால் பங்குக்கும் குறைவான வித்தியாசம், பவரில் இரண்டு மடங்குக்கு மேல். முக்கியக் காரணம் சுற்றுதான்.

ரேஸுக்காக டீசலைத் தட்டி எழுப்பலாம். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பெரிதாக்கலாம், எரிபொருளைக் கூட்டலாம். இழுவை எகிறும். ஆனால் சுற்று ஏறாது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் முன்பே கலந்திருக்கும், தீப்பொறி பட்டதும் சட்டென எரியும். டீசலில் காற்றை மட்டும் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்கிச் சூடாக்கி அதில் எண்ணெயைப் பீய்ச்சுவார்கள். பீய்ச்சப் பீய்ச்சத்தான் எரியும், அதற்கு நேரம் வேண்டும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க பிஸ்டனும் கிராங்கும் தடிமனாக இருந்தாக வேண்டும். தடிமனான பாகம் வேகமாக ஆட மறுக்கும்.

உழவு மாட்டையும் ரேக்ளா மாட்டையும் நினைத்துக்கொண்டால் போதும். உழவு மாடு ஈரமண்ணில் கலப்பையை நாளெல்லாம் இழுக்கும்; ரேக்ளா மாடு அதைச் செய்யாது. ரேக்ளா வண்டியில் உழவு மாட்டைப் பூட்டினால் குறை மாட்டின்மேல் இல்லை. மலைச்சாலையில் படகை இழுத்துக்கொண்டு ஏறுவதற்கும், வரப்போரம் சேற்றிலிருந்து வெளியே வருவதற்கும் எது டீசலை அருமையான இன்ஜினாக்குகிறதோ, அதையே டிராக் கேட்பதில்லை. நான் சொல்ல வந்ததில் பாதி இந்த ஒரு வரிதான்.

ஓட்டுநரின் இருக்கையிலிருந்து இது எப்படித் தெரியும்? ஒரு கூர்மையான வளைவுக்கு வருகிறார். பிரேக் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். டர்போ என்பது புகைக் காற்றின் வேகத்தில் சுழலும் விசிறி; காலை எடுத்ததும் அது தளர்ந்துவிடும். வளைவின் நடுவில் மறுபடி மிதிக்கிறார். எண்ணெய் உடனே வருகிறது, காற்று இன்னும் வரவில்லை. எரியாத மிச்சம் கறுப்புப் புகையாக வெளியே போகிறது. அரை நொடி எதுவும் நடக்காது. பிறகு டர்போ விழித்துக்கொள்கிறது, இழுவை முழுவதும் ஒரே நேரத்தில் பின்சக்கரத்தில் இறங்குகிறது. சக்கரமோ லேசான வாலுக்குக் கீழே, ஸ்டீயரிங்கோ இன்னும் திரும்பியபடி. வழுக்காமல் இருந்தால் அது ஓட்டுநரின் கால் பழக்கம். நேராக்கியதும் கியர் மாற்ற வேண்டும், ஏனென்றால் 2,000-க்குக் கீழே டர்போ தூங்கும், 4,000-ஐ நெருங்கினால் மூச்சு திணறும். அந்தச் சிறிய இடைவெளிக்குள் வண்டியை வைத்துக்கொண்டே சுற்றை முடிக்க வேண்டும். இது தனித் திறமை. 2018 சீசனில் மாஸ்டா பிடி-50 ஓட்டி பட்டம் வென்ற ரயால் ஹாரிஸ், பழைய வி8 யூட் தொடரிலிருந்து வந்தவர். டக்கார் பாலைவன ரேஸில் மோட்டார் சைக்கிளில் வென்ற டோபி பிரைஸ்கூட அந்த சீசனில் ட்ரைட்டன் ஓட்டினார்.

டீசலுக்கும் ரேஸுக்கும் ஒத்தே வராது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1931-இல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் 500 மைல் ரேஸில் கம்மின்ஸ் டீசல் கார் ஒன்று ஒருமுறைகூட நிற்காமல் 500 மைலையும் ஓடி முடித்து 13-ஆவதாக வந்தது. 1952-இல் அதே நிறுவனத்தின் டர்போ டீசல் கார், ஃப்ரெடி அகபாஷியன் ஓட்ட, தகுதிச் சுற்றில் எல்லோரையும் முந்தி முதல் இடத்திலிருந்து கிளம்பியது. 71 சுற்றுகளுக்குப் பின் டிராக்கில் கிடந்த டயர்த் துகள்கள் டர்போவின் வாயை அடைத்து வண்டி நின்றது. 1998-இல் பிஎம்டபிள்யூ 320டி நூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸை வென்றது. 2006-இல் ஆடி ஆர்10 லெ மான் 24 மணி நேர ரேஸை வென்ற முதல் டீசல் ஆனது. 2008, 2009 இரண்டு ஆண்டும் உலக டூரிங் கார் பட்டம் சியாட் லியோன் டீசல் காருக்கே.

இந்த வெற்றிகளில் பலவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. ஓட்டம் நீளமானது. நீளமான ஓட்டத்தில் எரிபொருளுக்காக நிற்கும் நேரம் முக்கியம். டீசல் குறைவாகக் குடிக்கும், குறைவாக நிற்கும். சியாட்டின் கதை வேறு; அங்கே டர்போ டீசலுக்கு விதிமுறை கொடுத்த இடம் தாராளமாக இருந்தது. துணைத் தொடரின் 20 நிமிடத்தில் யாரும் எரிபொருள் போட நிற்பதே இல்லை. ஆக டீசலின் பெரிய ஆயுதம் உறையிலிருந்து வெளியே வரவே வழியில்லை.

நடத்துநர்களுக்கு இன்னொரு தலைவலி, ஆறு வண்டிகளையும் சமன் செய்வது. ட்ரைட்டனின் இன்ஜின் 2.4 லிட்டர். ஹைலக்ஸும் கொலராடோவும் 2.8. டி-மேக்ஸ் 3.0. ரேஞ்சரும் பிடி-50-யும் 3.2. சிலிண்டர் எண்ணிக்கையே வேறு. எல்லோரையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவர டர்போ அழுத்தம், எரிபொருள் அளவு, எடை என்று ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க வேண்டும். சின்ன இன்ஜினைப் பெரிய இன்ஜினுக்கு நிகராகப் பிழிந்தால் சூடு ஏறும், பாகம் உடையும். பெட்ரோல் ரேஸ் இன்ஜினுக்கு நூறு பட்டறை உண்டு. டீசல் பிக்கப் இன்ஜினை ரேஸுக்குக் கட்டிய அனுபவம் உள்ள பட்டறைகள் எத்தனை இருந்திருக்கும்? குட்டித் தொடரில் ஓடும் ஒரு சிறு தொழிலதிபருக்கு அந்தச் செலவு தாங்காது. வரிசையில் நின்ற வண்டிகளின் எண்ணிக்கையும் பழைய யூட் தொடர் அளவுக்கு வரவில்லை.

பிறகு சத்தம். நேரில் கேட்டிருந்தால்தான் தெரியும், வி8 சத்தம் காதில் மட்டும் கேட்பதல்ல, விலா எலும்பில் இறங்குவது. டர்போ டீசலில் வெளியேறும் காற்றின் ஆவேசத்தை டர்போவே தின்றுவிடும். மிஞ்சுவது ஒரு சீற்றமும் அடித்தொண்டை முனகலும். லெ மானில் அந்த அமைதியை மக்கள் வியந்து ரசித்தார்கள். அடிலெய்டிலும் பாத்தர்ஸ்டிலும் வந்த கூட்டம் வேறு கூட்டம். அவர்கள் அப்பா தோளில் உட்கார்ந்து வி8 கேட்டு வளர்ந்தவர்கள். டீசலை வீழ்த்தியதில் பாதிப் பங்கு செலவுக்கு, பாதிப் பங்கு காதுக்கு என்பது என் கணிப்பு.

2019-இலேயே அறிவிப்பு வந்துவிட்டது: வண்டியின் உடல் அப்படியே இருக்கும், உள்ளே எல்லோருக்கும் ஒரே எல்எஸ்3 வி8. 2020-இல் தொடங்க வேண்டியதைக் கொரோனா தள்ளிப்போட்டது. 2021-இல் 'வி8 சூப்பர்யூட்ஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. ஒரே இன்ஜின் என்பதால் சமன் செய்யும் தலைவலி பெரும்பகுதி போயிற்று. தயாராகப் பெட்டியில் வரும் இன்ஜின் என்பதால் செலவைக் கணக்குப் போட முடிந்தது. சத்தமும் திரும்பி வந்தது. ஆனால் ஹைலக்ஸின் உடலுக்குள் செவ்ரோலே இதயம். எந்த ஷோரூமிலும் அப்படியொரு ஹைலக்ஸ் கிடைக்காது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டியையே ரேஸில் காட்டுவோம் என்ற முதல் எண்ணம் அங்கே கைவிடப்பட்டது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு, தொடர் பிழைத்ததில் மகிழ்ச்சியும் உண்டு.

தாய்லாந்திலோ டீசல் பிக்கப் ரேஸ் வேர் பிடித்திருக்கிறது. ஹைலக்ஸ் மட்டும் ஓடும் தொடர், டி-மேக்ஸ் மட்டும் ஓடும் தொடர் என்று நடத்தினார்கள். ஒரே வண்டி என்பதால் சமன் செய்யும் தொல்லை இல்லை. அந்த நாட்டு இளைஞர்களுக்கு டீசல் பிக்கப்பின் டர்போவை மாற்றிப் பந்தயம் கட்டுவது ஏற்கெனவே வெறி. கறுப்புப் புகை அவர்களுக்கு அவமானமாகப் படுவதில்லை.

2018, 2019 ஓட்டங்களின் வீடியோ கிடைத்தால் ஒருமுறை பாருங்கள். யார் முதலில் வருகிறார் என்பதை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு மெதுவான வளைவின் முடிவில் ஒரே வண்டியை மட்டும் கவனியுங்கள். முதலில் புகை வரும். பிறகு ஒரு சிறு தயக்கம். அதற்குப் பிறகுதான் வால் தாழும், மூக்கு தூக்கும், வண்டி கிளம்பும். அந்தத் தயக்கத்தை முன்கூட்டியே கணித்து, வளைவு முடிவதற்கு முன்பே காலை வைத்துவிடுகிறவர்தான் அடுத்த நேர்ச்சாலையில் முன்னால் போவார்.